எழுந்து நின்ற கூட்டம்

நடுவராக உட்கார்ந்தவள் பந்தயத்தை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் தீர்ப்புச் சொன்னாள். எப்படி என்று கேளுங்கள்.

பல்லடம் பக்கம் ஒரு பந்தயத் திடல். அதன் சொந்தக்காரி நஞ்சம்மாள். வண்டிச் சத்தம் கேட்டுக் கேட்டுச் சலித்த ஊர்க்காரர்கள், அடுத்த வருஷம் முதல் ஒரே நாள்தான், அதிலும் ஒரே பந்தயம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு நாளைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கார்ப் பந்தயம் நடத்தும் மருமகன் யுவராஜ். இன்னொருத்தி பைக் பந்தயம் நடத்தும் அண்ணன் மகள் மகுடேஸ்வரி. இருவருக்கும் நஞ்சம்மாள் அத்தைதான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பேச்சு வரும். யுவராஜுக்கு அந்த நாள் பெருமை. மகுடேஸ்வரிக்கோ பிழைப்பு. திடலை ஒட்டி அவள் வைத்திருந்த பட்டறை, பந்தய பைக்குகளை நம்பித்தான் ஓடியது.

"பார்க்கறவங்களுக்கு எது விறுவிறுப்போ, அதுக்கே குடுத்துருங்க அத்தை" என்றார் யுவராஜ்.

"அதை எப்படிங்க மாப்பிள்ளை அளக்கறது?"

"விறுவிறுப்பு ஏறுனா மனுசன் உக்காந்திருக்க மாட்டானுங்க. விறுவிறுப்புல எந்தப் பந்தயத்துக்கு ஜனம் எந்திரிக்குதோ, அதுக்குக் குடுங்க."

மகுடேஸ்வரி சிரித்தாள். "சரிங்க அத்தை. இவரு காரு ஓட்டறது தொட்டில்ல படுத்திருக்கற மாதிரி. அதுக்கு யாரு எந்திரிக்கப் போறா?"

நஞ்சம்மாள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்தபிறகு மனம் உறுத்தியது. கேள்வி வருமுன்பே மடியில் கட்டிக்கொண்டு வந்த பதில் போலிருந்தது மருமகன் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தார்கள். காலையில் கார், பிற்பகலில் பைக். உட்கார்ந்து பார்க்கத் தாழ்வாக நான்கு படிகள். முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் இருப்பவரும் நின்றாக வேண்டும். படிகளுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே, பழைய டயர்களை அடுக்கிய தடுப்பு. நஞ்சம்மாள் அந்தத் தடுப்புக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பந்தயம் தெரியாது. மூஞ்சி தெரியும்" என்றாள்.

காலையில் வந்தவை தரையோடு தரையாகக் கிடக்கும் ஒற்றை இருக்கைக் கார்கள். அவற்றில் ஏறுவதில்லை, இறங்கத்தான் வேண்டும். கொடி அசையும் முன்பே ஜனம் மொத்தமும் எழுந்தது. கடைசிக் கார் ஓடி முடிக்கும்வரை உட்காரவில்லை. நின்றபடியே கடலை தின்றார்கள். ஒருவர் செல்போனில் யாரிடமோ வாய்க்கால் தகராறு பேசிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் உட்கார்ந்தே பார்த்தார்கள். பிரித்து மடியில் வைத்த கடலையை யாரும் தின்னவில்லை. கடைசிச் சுற்றில் ஒரு குரல் சொன்னது: "முன்னால போன ரெண்டு பைக்கும் தொட்டிக்குப் பின்னால போயிருச்சு." அந்தத் தண்ணீர்த் தொட்டி இரண்டு ஆள் உயரம். அதற்குப் பின்னால் உள்ள வளைவு படிகளில் எங்கிருந்தும் தெரியாது. அப்போதுதான் ஜனம் எழுந்தது. இரண்டாம் படியில் இருந்த யுவராஜும் எழுந்தார். மடியிலிருந்த கடலை சிதறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பைக்குகள் வெளியே வந்தன. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நஞ்சம்மாளுக்குச் சந்தேகம் காலைக் கூட்டத்தின் மேல்தான். மருமகன் பிரியாணி போட்டு ஆள் பிடித்து வந்திருப்பாரோ? காலையில் நின்றபடி கடலை தின்ற ஒருவரை ஓரமாக அழைத்தாள்.

"காலையில உங்களை யாராச்சும் எந்திரிக்கச் சொன்னாங்களா?"

"எந்திரிக்காம எப்படிங்கம்மா பாக்கறது?" என்றார் அவர்.

அவள் முதல் படியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். ஓடுபாதையில் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுகிறவர்களின் தலைகள் தெரிந்தன, கார் தெரியவில்லை. பின்னால் ஒரு பைக் வந்தது. ஓட்டுகிறவரின் மார்பும் தலையும் தடுப்புக்கு மேலே நன்றாகத் தெரிந்தன. தடுப்பின் மேல்வரிசை டயர்களில் மட்டும் பெயிண்ட் புதிது.

"இதை யார் ஏத்துனது?"

"நான்தானுங்க அத்தை" என்றாள் மகுடேஸ்வரி. "போன வாரம். பைக்ல இருந்து விழுகறவங்க தாண்டி வந்து படியில மோதிரக் கூடாதுல்ல?"

நஞ்சம்மாள் மருமகனைப் பார்த்தாள். அவர் மறைக்கவில்லை.

"ஏத்துனதைப் பாத்தேனுங்க. அதுக்கப்புறம்தான் அந்த யோசனையே வந்துச்சு. ஆனா டயரை நான் தொடலை. யாரையும் எந்திரிக்கச் சொல்லலை. என் பந்தயத்துக்குப் பூராவும் நின்னாங்க, அவளுதுக்கு ஒரே தடவை. பேசுனது பேசுனதுதானுங்களே?"

"பேச்சு பேச்சுன்னா, டயர் காரை மறைக்கறதை எங்கிட்டயும் சொல்லியிருக்கோணும்" என்றாள் மகுடேஸ்வரி. "வரிசையை எறக்கிட்டு மறுபடி நடத்துங்க அத்தை."

மறுபடி நடத்த ஊர் விடாது. கொடுத்த வாக்கை நஞ்சம்மாளும் மாற்றமாட்டாள். எழுந்தது எழுந்ததுதான்.

வாக்கும் தவறாமல், நியாயமும் தவறாமல் அந்த ஒரு நாளை யாருக்குக் கொடுக்க வேண்டும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: மகுடேஸ்வரிக்கு. விறுவிறுப்பில் எழுவதுதான் பேச்சு. கொடி அசையும் முன்னே விறுவிறுப்பு ஏது? காலையில் ஜனம் எழுந்தது கார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. நிற்காவிட்டால் தெரியாது, அதனால் கடைசிவரை நின்றது. பிற்பகலில் எழுந்தபோதோ, நின்றாலும் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கால் எழுந்துவிட்டது. நஞ்சம்மாள் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "மாப்பிள்ளை, மத்தியானம் நீங்க எதைப் பாக்க எந்திரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். யுவராஜ் ஒருமுறை தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார்.