இட்லிப்பூ வேலி

செங்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மடம். அதன் நந்தவனத்தை உலகம்மாள் பார்த்துக்கொண்டாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். உபதேசம் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மனசு சரியில்லை என்று யாராவது வந்தால் கையில் மண்வெட்டியைக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

அவளுடைய சீடருக்கு எழுபத்து நாலு வயது. பெயர் வெயிலுகந்தநாதன். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவர் தெருவில் வந்தால் பெரிய ஆட்கள்கூடச் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து, "ஏதாவது வேலை கொடுங்கம்மா" என்று நின்றார். உலகம்மாள் பாதையோரத்து இட்லிப்பூச் செடிகளைக் காட்டி, ஒரு பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

பன்னிரண்டு வருஷம், சனிக்கிழமை தவறாமல் வந்து வெட்டினார். வேலி நூல் பிடித்த மாதிரி நின்றது. மேலே தண்ணீர் டம்ளரை வைத்தால் தளும்பாது. வருகிறவர்கள் எல்லாரும் வாய்விட்டுப் பாராட்டினார்கள். அவருக்கும் உள்ளூர ஒரு கர்வம்தான், இல்லை என்றால் பொய்.

அந்தச் சனிக்கிழமை அவர் வெட்டவில்லை. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்வாள், முடியலியா?"

"டாக்டர் நாள் குறிச்சிட்டாரும்மா. தை தாண்டாதுன்னுட்டார்."

உலகம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாவு கெடக்கட்டும். எம் மக ஆவுடையை நெனச்சாத்தான் வயிறு எரியுது. நாப்பத்தொரு வயசு. நேத்து கூப்பிட்டு உக்கார வச்சேன். 'நான் போன பொறவு ஒனக்கு என்ன செய்யணும்னு ஆசை? எதுன்னாலும் சொல்லும்மா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'ஒங்க இஷ்டம்ப்பா'ன்னா." அவர் உலகம்மாளை நிமிர்ந்து பார்த்தார். "செத்த பொறவும் எனக்கு இஷ்டம் இருக்குமா? திரும்பத் திரும்பக் கேட்டேன். முழிச்சிக்கிட்டு நிக்கா. அவளுக்கு நெசமாவே ஒண்ணும் தோணலம்மா. ஒரு ஆசைகூட இல்லாம ஒரு பிள்ளை எப்படி இருக்க முடியும்? அவ வாயில இருந்து ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டா நான் நிம்மதியா கண்ண மூடிருவேன்."

உலகம்மாள் வேலியைப் பார்த்தாள்.

"இது என்ன செடி, சார்வாள்?"

"இட்லிப்பூ."

"பூவைப் பாத்திருக்கீங்களா?"

அவர் வேலியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். எண்பதடி நீளம். ஒரு பூ இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அது பூக்கிற செடி என்பதே மறந்து போயிருந்தது.

"மண்ணு சரியில்லையோ?"

உலகம்மாள் ஒரு கிளையைப் பிடித்து, வெட்டுப்பட்ட முனையைக் காட்டினாள். "இதுக்கு மொட்டு நுனியிலதான் வரும். வேற எங்கயும் வராது."

அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. நுனி என்று ஒன்றை அவர் எந்தச் சனிக்கிழமை விட்டுவைத்தார்?

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

"மொத மாசமே சொன்னேன். 'மொதல்ல ஒழுங்கா வரட்டும்'னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தானாகப் பேசினார். "ஆவுடை எட்டு வயசுல பம்பரம் வேணும்னா. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குன்னேன். பதினேழுல மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னா. சாணி நாத்தத்துல நிப்பியான்னேன். இருபத்து நாலுல யாரோ ஒருத்தனைப் பத்திச் சொல்ல வந்தா."

"சொன்னாளா?"

"சொல்ல விடல."

உலகம்மாள் அவர் மடியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

"நாப்பது நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் இதை யாரும் தொட வேண்டாம்."

"பூத்துருமா?"

"தெரியாது. விட்டுத்தான் பாக்கணும்."

நாற்பதாம் நாள் அவரை ஆவுடை ஆட்டோவில் கூட்டி வந்தாள். கால் வீங்கியிருந்தது, கண் மஞ்சளாகிவிட்டது. அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வேலிவரை நடந்தார். வேலி கண்டபடி வளர்ந்து கிடந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு உடம்பு கூசியது.

உலகம்மாள் ஒரு கிளையை விலக்கிக் காட்டினாள். நுனியில் கொத்தாக மொட்டுகள், சிவப்பாக, குண்டூசித் தலை அளவில். பெரியவர் தேம்பி அழுதுவிட்டார்.

குடை பிடித்து நின்ற ஆவுடையும் பார்த்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பம்பரம் கேட்ட நாளுக்குப் பிறகு யாரும் அதைப் பார்த்ததில்லை.

"அப்பா, எனக்கு ஒண்ணு தோணுது..."

"குடை சாயுது பாரு. நேராப் பிடி."

ஆவுடை நிமிர்ந்து குடையை நேராகப் பிடித்தாள். "சரிப்பா."

தான் சொன்னது அவர் காதில் அப்போதுதான் விழுந்தது. பதறிப்போய் மகள் கையைப் பிடித்தார்.

"என்னம்மா தோணுது? சொல்லு தாயி. நான் குறுக்க பேசமாட்டேன்."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"மறந்துட்டுப்பா" என்றாள். அவரைக் கல்லில் உட்காரவைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடப் போனாள்.

பெரியவர் உலகம்மாள் பக்கம் திரும்பினார். "வேணும்னு சொல்லலம்மா. தன்னால வாயில வந்துட்டு. நான் என்ன செய்ய?"

"ஒங்க கையில இருந்து கத்தரிக்கோலை வாங்கி நாப்பது நாளாச்சு, சார்வாள்" என்றாள் உலகம்மாள்.