கிளிகள் புகழ்ந்த குளம்

ஒரு காட்டில், பாறைகளுக்கு நடுவே பளிங்கு போல ஒரு குளம் இருந்தது. எந்தக் குட்டி அதில் முகம் பார்த்தாலும், கரையிலிருந்த நாவல் மரத்துக் கிளிகள் "ஆகா, அழகு!" என்று கத்தும். பழம் கொடுத்து அவற்றைப் பழக்கியவன் வக்கணன் என்ற நரி.

கூராயி என்ற முள்ளம்பன்றிக்குப் பொட்டு ஒரே மகள். கிழங்கு தோண்டவிடாமல் எந்நேரமும் தொணதொணப்பாள். "கொஞ்ச நேரம் குளத்தங்கரையில் இருடி" என்று முதலில் அனுப்பியதே கூராயிதான். கொஞ்ச நேரம் முழு நாளாயிற்று.

ஒருநாள் பொட்டு வீடு திரும்பியபோது முதுகில் பாதி முள் இல்லை.

"அடிப்பாவி! முள்ளெல்லாம் எங்கேடி?"

"பிடுங்கிட்டேன்மா. ஒரு முள் பிடுங்கினா பத்துக் கிளி கத்துது!"

"சிறுத்தை வந்தா கிளியா வந்து நிற்கும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. முயல் மகளுக்கு நேற்று நாற்பது கிளி!"

கூராயி மானிடம் போய்ப் புலம்பினாள். "எல்லாக் குட்டியும் போகுதே அக்கா, என் குட்டியை மட்டும் எப்படி நிறுத்துவேன்?" என்றது மான். தலைவர் கரடியிடம் ஓடினாள்.

"விசாரிக்கிறேன்," என்று தேனை நக்கினார் கரடி.

"போன மழைக்கும் இதைத்தானே சொன்னீங்க!"

மறுநாள் காலை அவளே குளத்துக்குப் போனாள்; பொட்டுவும் கூடவே ஓடி வந்தாள். குட்டிகளை விட்டுப்போக வந்த தாய்களும் அங்கே நின்றார்கள்.

"வாங்க அக்கா! பிள்ளைகள் சிரிச்சா எனக்கு அதுவே போதும்," என்றான் வக்கணன். அவன் கண் மட்டும் பொட்டுவின் வெற்று முதுகிலேயே இருந்தது. நாக்கு உதட்டைத் தடவியது.

கூராயி கரையைச் சுற்றிப் பார்த்தாள்.

"உனக்கு மூணு குட்டி ஆச்சே தம்பி. ஒண்ணைக்கூட இங்கே காணோமே?"

"ஐயோ, அதுங்க சின்னப் பிள்ளைங்க அக்கா! இங்கே விட்டா கெட்டுப்போயிடாதா?"

சொன்ன பிறகுதான் வக்கணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மான் தன் குட்டியை இழுத்தது. முயல் தன் மகளைத் தள்ளிக்கொண்டு நடந்தது.

கூராயி கரையில் கிடந்த முட்களை எல்லாம் பொறுக்கிக் குளத்து வழியை அடைத்து நட்டாள். பொட்டு ஓவென்று அழுதாள்.

"முள் திரும்ப முளைக்கிற வரைக்கும் என் பக்கத்திலேயே இரு," என்றாள் கூராயி. "தொணதொணத்துத் தொலை. கிழங்கு மெதுவாகவே வரட்டும்."

நீதி: தன் பிள்ளையை விடாத இடத்துக்கு ஊர்ப் பிள்ளைகளை அழைப்பவனை நம்பாதே.