மூங்கிலைத் தட்டிய கண்டக்டர்

மலை மேலே, மழைக்காட்டுக்குள், தகரக் கூரை போட்ட முகாம் ஒன்று இருந்தது. அங்கே தவளை பார்க்கக் கற்றுக்கொடுப்பவர் செல்வராணி. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், வயது முப்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆறுச்சாமிக்கு ஐம்பத்தொன்பது.

ஆறுச்சாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சியிலிருந்து மலையேறும் வண்டியில் முப்பத்தொரு வருஷம் இந்தக் காட்டின் வழியாகப் போய் வந்தார். எத்தனையோ பேரை இங்கே இறக்கி விட்டிருக்கிறார். தான் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஒரே ஒரு மழைக்காலமாவது இங்கே இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. லேசுப்பட்ட ஆசை இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் முகாமுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் ஏழு நாளுக்குள் மூங்கில் தவளையைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்தவர் மழைக்காலம் முழுக்கத் தங்கலாம். பார்க்காதவர் சனிக்கிழமை ஜீப்பில் கீழே போக வேண்டியதுதான்.

முதல் நாளே ஆறுச்சாமி கேட்டார்.

“அம்மணி, அது எப்படி இருக்குமுங்க?”

செல்வராணி கட்டைவிரலை நீட்டினார்.

“இந்த நகம் இருக்குல்ல சார், அவ்வளவுதான் ஆளு. முதுகு பச்சை, வயிறு வெளுப்பு. கண்ணைச் சுத்தித் தங்க வளையம். விரல் நுனியெல்லாம் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமா இருக்கும். அதை வெச்சுத்தான் வழுக்காம ஏறும்.”

“குளத்துல இருக்குமுங்களா?”

“குளம் எதுக்கு? இதுக்குத் தலைப்பிரட்டையே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, வெளியே வரும்போதே தவளையா வரும். ஓடைக்கரை மூங்கில்தான் அதுக்கு ஊரு.”

“சத்தம் போடுமுங்களா?”

“கூழாங்கல்லைத் தட்டினாப்ல இருக்கும். டிக் டிக். ரெண்டு தட்டு, அப்புறம் நிறுத்தம்.”

ஆறுச்சாமிக்கு முகமெல்லாம் பல். பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கும். இரண்டு தட்டு தட்டினால் ‘ரைட்’, கிளம்பும். முப்பத்தொரு வருஷமாக அவர் கை செய்த வேலையே அதுதானே!

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஓடைக்கரையில் ஒரு மூங்கிலைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். காடெல்லாம் மூடுபனி. நல்ல கூழாங்கல்லாகப் பார்த்து எடுத்து மூங்கிலில் இரண்டு தட்டு தட்டினார்.

டிக் டிக்.

அக்கரையிலிருந்து உடனே பதில் வந்தது.

டிக் டிக்.

மனிதர் குதிக்காத குறைதான். மறுபடி தட்டினார். மறுபடி பதில். பனிக்குள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஆள் மட்டும் அகப்படவில்லை. தினமும் போனார், தினமும் தட்டினார், தினமும் பதில் வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காரணம், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மரகதம். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். அதே வாரம் வந்த இன்னொரு சீடர். படித்த அம்மாவுக்குத் துப்புக் கொடுத்துவிட்டால் தவளையை அவர் முதலில் பார்த்துவிடுவாரே என்று ஆறுச்சாமிக்குப் பயம். மரகதமும் அந்த வாரம் முழுக்க என்னவோ கமுக்கமாகவே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. இரண்டு பேரும் இன்னும் பார்க்கவில்லை. செல்வராணி இருவருடைய நோட்டையும் வாங்கினார். முதலில் ஆறுச்சாமியுடையதைப் படித்தார்.

“செவ்வாய், நாலு பத்து. நான் தட்டினேன், அக்கரையிலிருந்து பதில். ஆண். பெரிய ஆளாக இருக்க வேண்டும். பயங்கரக் கோபக்காரன்.”

பிறகு மரகதத்துடையது.

“செவ்வாய், நாலு பத்து. இரண்டு கற்களைத் தட்டினேன். எதிர்க்கரையில் ஓர் ஆண். பொறுமை இல்லாதது. தன் எல்லைக்காகச் சண்டைக்கு நிற்கிறது.”

செல்வராணி ஒரு நோட்டைப் பார்த்தார். இன்னொரு நோட்டைப் பார்த்தார். புதன், நாலு இருபது. புதன், நாலு இருபது.

முதலில் சிரித்தது மரகதம்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏன் சார், அந்தக் கோபக்காரன் நானா?”

ஆறுச்சாமியும் சிரித்தார். பாதிச் சிரிப்பிலேயே முகம் விழுந்துவிட்டது. விடிந்தால் சனிக்கிழமை.

“அம்மணி, அப்ப என் பாடு அவ்வளவுதானுங்களா?”

செல்வராணி எழுந்து போய் இரண்டு டம்ளர்களில் சூடாக டீ ஊற்றினார். விளிம்புவரை ஊற்றினார்.

“வாங்க, ஓடைக்குப் போவோம்.”

ஆறுச்சாமியை அதே மூங்கிலடியில் உட்கார வைத்து ஒரு டம்ளரை அவர் இரண்டு கைகளிலும் கொடுத்தார். இன்னொன்றை மரகதத்திடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“ஒரு சொட்டு சிந்தக் கூடாது.”

“குடிக்கலாமுங்களா?”

“குடிக்கவும் கூடாது.”

ஆறுச்சாமிக்கு இது பெரிய சோதனை. அந்தக் கை சும்மா இருந்து பழக்கப்பட்ட கையா? டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டார். டீயில் ஆவி அடங்கியது. தூறல் பிடித்தது. ஓர் எறும்பு முழங்கையில் ஏறி, சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கியது. அவர் அசையவில்லை.

டிக் டிக்.

அக்கரையில் இல்லை. அவர் காதுக்குப் பக்கத்தில்.

மெதுவாகத் திரும்பினார். அவர் நாள் தவறாமல் கல்லால் தட்டியதில் மூங்கிலில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்திருந்தது. அதற்கு நாலு விரல் மேலே ஒரு சின்ன விரிசல், தீப்பெட்டியின் ஓரம் நுழையும் அளவு. அந்த விரிசலில் ஒரு முகம்.

பச்சை முகம். தங்க வளையம் போட்ட கண். வட்ட விரல்கள் விரிசலின் விளிம்பைப் பிடித்திருந்தன. தொண்டை பலூன் போல உப்பியது.

டிக் டிக்.

ஆறுச்சாமியின் கண் கலங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. இவ்வளவு சின்ன உயிரை இவ்வளவு நேரம் அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல், முழங்கையால் மரகதத்தை லேசாக இடித்துக் கண்ணாலேயே காட்டினார். மரகதம் டம்ளரை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது. அரிசி அளவுதான் இருக்கும். அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. எல்லாம் அப்போதுதான் முட்டையிலிருந்து வந்தவை. வாலும் கிடையாது, ஒன்றும் கிடையாது, முழுசாகத் தவளைகள். ஒன்று மூங்கிலில் வழுக்கி ஆறுச்சாமியின் டம்ளர் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது டீயை எட்டிப் பார்த்துவிட்டு இலைக்குத் தாவியது.

வெகுநேரம் கழித்து அவர் மெல்லக் கேட்டார்.

“அம்மணி, இத்தனை நாளும் இவரு இங்கயேதான் இருந்தாருங்களா?”

“ஆமா. முட்டைக்குக் காவல் அப்பன்தான். விட்டுட்டு நகர மாட்டாரு.”

“நான் அத்தனை தட்டு தட்டினனே. ஏனுங்க ஒரு வார்த்தை பேசலை?”

“நீங்க வேலையில இருக்கீங்க. வெளியே ஒருத்தன் உங்க பஸ்ஸைக் கல்லால தட்டிக்கிட்டே இருக்கான். என்ன பண்ணுவீங்க?”

“கதவைச் சாத்திப்போட்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லுவனுங்க.”

“அதைத்தான் பண்ணியிருக்காரு.”

ஆறுச்சாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூங்கிலில் இருந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“பார்த்துட்டனுங்க, அதுவே போதும். மூங்கில் ஊட்டுக்காரரை இந்தப் பாடு படுத்திப்போட்டு நான் எப்படிங்க இங்க தங்கறது? காலையில ஜீப்புல ஏறிக்கட்டுங்களா?”

“என்னை ஏன் சார் கேக்கறீங்க? இந்த வண்டிக்குக் கண்டக்டர் நானா?”

ஆறுச்சாமி மூங்கிலைப் பார்த்தார். மழை வலுத்தது. விரிசலில் தொண்டை உப்பியது.

டிக் டிக்.

“உட்காருங்க சார்,” என்றார் செல்வராணி. “ரைட் குடுத்துட்டாரு.”