டேப் ஒட்டாத மூலை

ரெஜினாவிடம் ஒரு வழக்கம் இருந்தது.

கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி என்ற பளபளப்பான பிசின் பூச்சைப் பூசுவதற்கு முன்னால் கான்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு, ஒரு நாள் விட்டுவிடுவார்கள். அடியில் ஈரம் இருந்தால் ஷீட்டின் உள்பக்கம் வேர்த்துக் காட்டிக் கொடுத்துவிடும். இதை எல்லாரும் செய்வார்கள். ரெஜினா கூடுதலாக ஒன்று சொல்வார்: ஷீட்டை ஒட்டிய கை அதைப் பிரிக்கக் கூடாது. வேறு கைதான் பிரிக்க வேண்டும்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சிகாமணிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. ரெஜினாவைவிட அவருக்கு வயது அதிகம். டைல்ஸ் கடையில் நின்று நின்று, வருகிறவன் வாய் திறக்கும் முன்பே அவன் எவ்வளவு குறைக்கச் சொல்வான் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவர். வடவள்ளியில் நஞ்சப்பனின் புது வீட்டுத் தரைதான் அவர் பொறுப்பில் ரெஜினா விட்ட முதல் தரை. இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இனிமேல் தனியாகவே வேலை எடுக்கலாம் என்று ரெஜினா சொல்லியிருந்தார்.

அன்று காலை சிகாமணி ஷீட்டைப் பிரிக்கக் குனிந்தார்.

"கையை எடுங்ணா," என்றார் ரெஜினா. "வீட்டுக்காரர் பிரிக்கட்டும்."

"ஏன் அம்மணி? ஒட்டினது நான். பிரிக்கறதும் நான்."

"வேண்டாங்ணா."

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

சிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நேரடியாவே கேக்கறேன். நான் தனியாப் போறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

நஞ்சப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை ஆரம்பித்ததிலிருந்து அந்த நாற்காலி அங்கேதான். ஒவ்வொரு பூச்சு டப்பாவையும் திறந்து மோந்து பார்த்திருந்தார். இப்போது காது கூர்மையாகிவிட்டது.

"ஏனுங்க, உங்க ஆளை நீங்களே நம்பலைன்னா நான் எப்படி நம்பறது?" என்றார்.

"நீங்க யாரையும் நம்ப வேண்டாங்க. வந்து பிரிங்க."

"எங்க வீட்டு மொளகாப் பொடியிலயே கலப்படம் இருக்குது. உங்க டப்பாவுல இல்லாமயா போயிரும்?" என்று முனகிக்கொண்டே நஞ்சப்பன் எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஷீட்டைப் பிரித்தார். காய்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசி ஷீட்டின் உள்பக்கத்தை விரலால் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் காட்டினார். பொட்டு ஈரமில்லை.

"பார்த்தீங்களா அம்மணி?" சிகாமணியின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "இப்பவாவது மனசு ஆறுச்சா?"

ரெஜினா ஷெட்டின் உள்கோடிக்கு நடந்து போனார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணுக்கடியில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

"இந்த மூலையில ஏன் ஷீட் போடலைங்ணா?"

"போட்டேனுங்க. டேப் ஒட்டலை. தூசின்னு நெனச்சுத் துடைச்சேன். அப்பவும் ஒட்டலை. சரின்னு ரெண்டடி தள்ளி, ஒட்டற இடமாப் பாத்துப் போட்டேன்."

சொல்லி முடித்ததும் சிகாமணியின் வாய் அப்படியே நின்றது.

நஞ்சப்பனுக்கு விளங்கவில்லை. "ஒட்டலைன்னா தள்ளி ஒட்டறதுதானே? இதுல என்ன?"

ரெஜினா டேப் சுருளை அவரிடம் நீட்டினார். "நீங்களே ஒட்டிப் பாருங்க."

நஞ்சப்பன் மூலையில் குந்தி ஒரு துண்டு கிழித்து அழுத்தினார். கையை எடுத்ததும் டேப்பும் கையோடு வந்தது. இன்னொரு துண்டு. அதுவும் வந்தது.

"இது மட்டமான டேப்பு," என்றார். உள்ளே போய், தன் வீட்டு அலமாரியிலிருந்து வேறொரு சுருள் கொண்டுவந்தார். பல்லால் கடித்துக் கிழித்து, தரையில் வைத்து, மேலே குதிகாலை வைத்து மிதித்தார். குதிகாலை எடுத்தார். டேப் சுருண்டு கிடந்தது.

நஞ்சப்பன் தரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ஈரத்துலதான் ஒட்டலை, என் தொட்டி கசியுதுங்கறீங்க."

"தரை அப்படித்தான் சொல்லுது," என்றார் ரெஜினா.

"தரை சொல்லுதோ, நீங்க சொல்ல வைக்கறீங்களோ! இப்பத்தான புரியுது. அடுத்து தொட்டி ரிப்பேருக்கு ஆள் கூட்டிட்டு வருவீங்க. அவன் உங்க மச்சானா இருப்பான்."

"எனக்கு மச்சானே இல்லீங்க."

"வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். சம்பந்தி வீட்டு ஆளுக வர்றாங்க. புதுக் காரு வந்து இதுல நிக்கோணும். இந்தச் சாம்பக்கலர்த் தரையிலயா நிறுத்தறது?"

ரெஜினா சுவரில் சாய்ந்து நின்றார். நஞ்சப்பன் அவரை விட்டுவிட்டு சிகாமணியின் தோளில் கை போட்டார். குரல் குழைந்தது.

"இங்க வாங்க. உங்க அம்மணி வேண்டாம். மூணு ஷீட்டும் காஞ்சுதானே இருந்துச்சு? என் கையாலதான பிரிச்சேன்? நீங்களே அடிச்சுக் குடுங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் உங்களைக் கேக்கலை. இந்தத் தெருவுல கட்டற வீடு பூராத்துக்கும் உங்களைச் சொல்றேன். உங்க பேரையே வாசல்ல போட்டுக்கங்க."

சிகாமணி ரெஜினாவைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார்.

"என்ன அம்மணி சொல்றீங்க?"

"உங்க தரைங்ணா. நீங்கதான் சொல்லோணும்."

சிகாமணி பூச்சு அடிக்கும் ரோலரைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பொறுப்பு தனது என்று வீட்டுக்காரரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இதைவிட நல்ல பேரம் டைல்ஸ் கடையில்கூட அவருக்கு அமைந்ததில்லை. ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு அதை வைத்துவிட்டு மூலைக்குப் போனார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, டேப்பில் ஒரு முழம் கிழித்து, உள்ளங்கையின் பலமெல்லாம் போட்டு அழுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. ஒட்டிவிடு, ஒட்டிவிடு என்று கெஞ்சுவது போலிருந்தது. கையை எடுத்தார். கையோடு வந்த டேப்பின் பிசின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

எழுந்திருக்கும்போது அவர் குரலில் சத்தமே இல்லை.

"ஆகாதுங்க."

"என்ன ஆகாது?"

"கீழ வேர்த்துட்டிருக்குது. மேல அடிச்சா வெள்ளிக்கிழமை கண்ணாடியாட்டம் இருக்கும். அப்புறம் ஒரு நாள் அப்பளமாட்டம் உப்பிட்டு எந்திரிக்கும். முதல்ல தொட்டியைப் பாருங்க. தரை காயட்டும். வேற யாரை வேணாலும் கூப்பிட்டு ஒரு ஷீட்டைப் போட்டுப் பாருங்க."

"சாயங்காலமே வேற ஆள் வந்து அடிச்சிருவான்."

"அடிப்பானுங்க."

"போங்க, போங்க. ரெண்டு பேரும் சேந்து போடற நாடகம்!"

டப்பாக்களை வேனில் ஏற்றினார்கள். நஞ்சப்பன் கூடவே வந்து, தன் வீட்டுப் பொருள் ஏதும் போகிறதா என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தார். தன்னுடைய டேப் சுருளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வேன் மருதமலை ரோட்டைத் தாண்டியது. ரெஜினாதான் ஓட்டினார்.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"நேத்து தரை தேய்க்கற மெஷினை எடுக்க வந்தீங்களே. அந்த மூலையில ஷீட் இல்லைங்கறதை அப்பவே பாத்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

சிகாமணிக்கு மறுபடியும் சுருக்கென்று ஏறியது.

"அப்ப அங்கயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அந்த ஆள் முன்னாடி என்னை நிக்க வெச்சு... நேத்தே சொல்லியிருந்தா நானே பார்த்திருப்பேனே!"

ரெஜினா சிக்னலில் வண்டியை நிறுத்தினார்.

"நேத்து சொல்லியிருந்தா நீங்க அந்த மூலையையா பார்த்திருப்பீங்க அண்ணா? என் மூஞ்சியைத்தான் பார்த்திருப்பீங்க."