ஒருநாள் விட்டு ஒருநாள் மணி

கவனமாகக் கேளுங்கள். முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப் போகிறேன்.

கிழக்கே ஒரு பெரிய ராஜ்யம், மேற்கே ஒரு பெரிய ராஜ்யம். நடுவில் பொம்மையன் மூப்பன் ஆண்ட சின்ன மலைநாடு. கீழே இரண்டு ராஜாக்களும் அடித்துக்கொண்டார்கள். எதற்கென்று மலையில் யாருக்கும் தெரியாது. "நாங்கள் யார் பக்கமும் இல்லை" என்று மூப்பன் இருவருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நாட்டுக் கணவாயில் ஒரு மணி உண்டு. பனி இறங்கினால் பாதை தெரியாது; ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அதனால் பனி விலகும்வரை மணியடிப்பது வழக்கம். சத்தம் வரும் திசையில் நடந்தால் பிழைக்கலாம். வருவது யாரென்று கேட்பதில்லை. அடிப்பவள் சடைச்சி. கணவாயில் அவள் வீடு ஒன்றுதான். கணவன் மாதன் உப்பு வாங்க மேற்கே இறங்கிவிட்டால், பேச்சுத்துணைக்கும் அந்த மணிதான்.

கிழக்கிலிருந்து தூதன் வந்தான். "மணியை நிறுத்துங்கள். எதிரிப் படை அதைக் கேட்டுத்தான் மலை ஏறும்." அவன் போனதும் மேற்கிலிருந்து ஒருவன் வந்தான். "நிறுத்தினால் நீங்கள் அவன் ஆள்."

மூப்பன் மண்டையைக் குடைந்துகொண்டார். "ஒருநாள் அடிப்போம், ஒருநாள் சும்மா இருப்போம்" என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தார். இருவரும் தலையாட்டினார்கள்.

"பனிக்கு இந்தக் கணக்குத் தெரியுமா மூப்பரே?" என்றாள் சடைச்சி.

"நாட்டைக் காப்பாத்தணும் தாயி. நான் சொன்னதைச் செய்."

மணி ஓயவேண்டிய ஒரு நாளில், பட்டப்பகலிலேயே பனி கொட்டியது. மாதன் திரும்பவேண்டிய நாளும் அதுதான். சடைச்சி கயிற்றைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். அடித்துவிட்டாள்.

பனிக்குள் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வந்தது மேற்குப் படை.

"எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா அய்யா? உப்பு மூட்டையோட வருவாரு."

"இந்தப் பனியில என் மூக்கே எனக்குத் தெரியல. உன் புருஷனை எங்க பாக்க?" என்று சிரித்தபடி ஒரு வீரன் கடந்து போனான்.

கடைசி ஆள் போன பிறகும் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். மாதன் வரவேயில்லை.

அன்று மணி இராது என்று நம்பிக் கிழக்குக் காவல் தளர்ந்திருந்தது. மேற்குப் படை கிழக்கே இறங்கி ஊர்களைக் கொளுத்தியது. "வாக்குத் தவறினீர்கள்" என்று கிழக்கு ராஜா மலைமேல் படையெடுத்தான். மலைநாட்டுப் பிள்ளைகளும் வேல் எடுக்க வேண்டியதாயிற்று.

ஊர் கூடியது. "இவள் கைதான் போரை இழுத்தது" என்றார் மூப்பன். "நீங்க குடுத்த வாக்குத்தான்" என்றாள் சடைச்சி. "ரெண்டுமில்லை, மேற்குப் படைதான்" என்றார்கள் சிலர்.

சொல்லுங்கள். யார் பக்கமும் சேராத நாட்டைப் போருக்குள் இழுத்தது யார்?

விடை: மேற்குப் படை வழி கிடைத்தால் ஏறும், சண்டைக்காரன் வேறென்ன செய்வான்? சடைச்சி செய்தது எந்நாளும் செய்ததுதான். இழுத்தது மூப்பன். பனி வந்தபோதெல்லாம் அடித்தவரை அந்த மணி பனிக்காக அடித்தது. நாளைப் பங்குபோட்ட அன்றே, மணி மேற்குக்கு, மௌனம் கிழக்குக்கு என்றாகிவிட்டது. எப்போதும்போல் அடித்திருந்தாலும் கிழக்கு ராஜா வந்திருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்போது அவன் வம்புக்கு வந்தவன். இப்போதோ நியாயம் கேட்க வந்தவன். அந்த நியாயத்தை அவன் கையில் கொடுத்தது மூப்பன்தான். ஊரும் கடைசியில் இதைத்தான் சொன்னது. கேட்கச் சடைச்சி அங்கே இல்லை. பனி இறங்குகிறது என்று பாதிக் கூட்டத்திலேயே எழுந்து போய்விட்டாள்.