காய்ந்த தரையில் ஒரு வட்டம்

“பழைய வண்டி வாங்கறப்ப எதைத்தானுங்க சாமி பாக்கோணும்?” என்று கேட்டார் மாரப்பன்.

சாமி, மடத்து ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பாதம் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது.

“நீங்க எதைப் பாத்தீங்க?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“எல்லாத்தையும் பாத்துட்டனுங்க. பாக்கப் பாக்கப் பயந்தான் ஏறுது.”

“அப்படியா. அந்த ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க.”

மாரப்பன் தள்ளினார்.

கரடிப்பாறை மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். சாமிக்குப் பெயர் ஞானாம்பிகை. மாரப்பனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். மலைமேல் ஊர்களுக்குக் கஞ்சிப் பாத்திரம் ஏற்றிப்போகிற ஜீப்பை ஓட்டுவதும் அவர்தான், அது படுத்துக்கொண்டால் கூடவே படுத்துக் கரி பூசிக்கொள்வதும் அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே பாத்திரம் தேய்க்க வந்தவர் மாரப்பன். தேய்த்துக்கொண்டே சீடராகிவிட்டார்.

அவருடைய ஒரே மகள் கோகிலா மலை உச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்த ஊருக்குத் தார்ரோடு பாதிவரைதான். மீதி செம்மண்.

முதல் பிரசவத்துக்குக் கீழேயிருந்து ஒரு காரை வரச் சொன்னார்கள். மழைச் சேற்றில் அது ஏறவில்லை. கோகிலாவைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது.

இப்போது மறுபடியும் ஏழு மாதம். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, வாரா வாரம் கூட்டி வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

“கீழ வந்து இருந்துக்க அம்மிணின்னா, மாட்டை யாரு பாக்கறதுன்னு கேக்கறாளுங்க,” என்றார் மாரப்பன். “அதான், நாலு சக்கரமும் இழுக்கற வண்டி ஒண்ணு அவ வாசல்லயே நிக்கட்டும். மாப்பிள்ளை ஓட்டிக்குவாரு. ஆனா என்னால ஒருக்காத்தான் வாங்க முடியுமுங்க சாமி. தப்பா வாங்கிட்டா…”



சாமி வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க, பாக்கலாம்.”

*

தனசேகர் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். டவுனுக்கு வெளியே பெரிய சிமெண்ட் களம் போட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். வெள்ளை வண்டி ஒன்றை அவரே கைகாட்டினார்.

“நாலு வீலும் இழுக்குமுங்க. ஒரே டாக்டர் ஓட்டுன வண்டி.”

எல்லாப் பழைய வண்டியையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருப்பார் போலிருக்கிறது.

சாமி பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி வைத்துக்கொண்டே நின்றார்.

“இதை யாரு எழுப்பினது?”

“நீங்க வர்றீங்கன்னு கொஞ்ச நேரம் ஓட விட்டனுங்க.”

“தூங்கட்டும். நாங்க காலையில வந்து எழுப்பிக்கறோம்.”

மாரப்பன் அந்த வெள்ளை வண்டியைத் திரும்பிப் பார்த்தபடியே நடந்தார். பஸ் ஏறியதும் கேட்டார். “அதுக்குள்ள வேற யாராச்சும் வாங்கிட்டுப் போயிட்டா என்னங்க பண்றது?”

“சூடா இருக்கறப்ப எல்லா இஞ்சினும் நல்ல புள்ளைதான்,” என்றார் சாமி. அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாரப்பன் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். உச்சியில் மேகம் இறங்கியிருந்தது.

*

மறுநாள் காலையில் வெள்ளை வண்டி அப்படியேதான் நின்றது. பானெட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் இருமாமல் கொள்ளாமல் எழுந்தது. புகையும் இல்லை.

“டயரைத் தடவிப் பாருங்க,” என்றார் சாமி. “நாலுக்கும் ஒரே வயசான்னு.”

மாரப்பன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயரின் வரிப்பள்ளத்திலும் நகத்தை விட்டுப் பார்த்தார். “ஒரே வயசுதானுங்க. வேற வேறயா இருந்தா என்னங்க ஆகும்?”

“நாலும் சேந்து இழுக்கற வண்டியில ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா உள்ள இருக்கற கியர் பல்லுதான் தேயும்.”

ஒரு சாக்கை விரித்துப்போட்டு மாரப்பன் அடியிலும் புகுந்து பார்த்தார். எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று அவருக்கு எங்கே தெரியும்? துரு இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. அதுவரைக்கும் தெரிந்தது.

“சத்தியமாச் சொல்றேன், குத்தம் சொல்ல ஒண்ணுமில்லைங்க,” என்றார் தனசேகர். “வேணும்னா ஓட்டிப் பாருங்க.”

மாரப்பன் ஏறி உட்கார்ந்தார். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை.

“சின்ன லிவரைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் போடுங்க,” என்றார் சாமி. “ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, இந்தக் களத்துலயே மெதுவா ஒரு வட்டம் அடிங்க.”

வெள்ளை வண்டி ராட்டினம் மாதிரி சுற்றியது. ஒரு முனகல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை.

“தொட்டிலாட்டம் போகுது பாருங்க,” என்றார் தனசேகர்.

தொட்டில் என்றதும் மாரப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இறங்கி, கதவைத் தடவிக் கொடுத்தார்.

“வேண்டாம்,” என்றார் சாமி.

“சாமி?”

சாமி தானே ஏறி வண்டியைக் களத்தின் ஓரத்துக்கு ஓட்டினார். லாரி கழுவிய தண்ணீர் தேங்கி அங்கே நல்ல சேறு. அதற்குள் இறக்கி நிறுத்தினார்.

“சக்கரத்தைப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரம் இரண்டும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியப்பா மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன.

சாமி இன்னும் கொஞ்சம் மிதித்தார். வண்டி பின்பக்கமாகப் புதைந்துகொண்டே போனதே தவிர, ஓரடி நகரவில்லை.

தனசேகர் கழுத்தைச் சொறிந்தார். “முன்சக்கரத்தைச் சுத்த வைக்கற தண்டை, அந்த ஷாஃப்ட்டை, யாரோ கழட்டியிருப்பாங்க போல. உள்ள பல்லு போய்ச் சத்தம் கேட்டா அப்படித்தான் கழட்டிருவாங்க. ரோட்டுல ஓட்டுனா தெரியாதுங்க. நானே இப்படித்தான் ஏமாந்து வாங்கினேன்.”

“அப்ப அந்தச் சின்ன லிவரு?” என்று கேட்டார் மாரப்பன்.

“அது சும்மா இருக்குதுங்க.”

மாரப்பன் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் புதைந்த சக்கரத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பினால் மலை.

போன் அடித்தது. கோகிலா.

“என்னப்பா, வாங்கியாச்சா?”

“பாத்துட்டே இருக்கறன் அம்மிணி.”

“எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பக்கூட இத்தனை பாக்கலியே நீங்க.” அவள் சிரித்தாள். “சரி, நிதானமா வாங்க. இங்க மழை புடிச்சிருச்சு. மாட்டைப் புடிச்சுக் கட்டோணும், வெச்சிடறேன்.”

வைத்துவிட்டாள். மாரப்பன் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

*

களத்தின் கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடி இன்னொரு வண்டி கிடந்தது. சாமி அதன் பக்கம் நடந்தார்.

“அது வேண்டாமுங்க,” என்றார் தனசேகர். “ஓட்டிப் பாத்தவங்க எல்லாருமே வேண்டாம்னு போயிட்டாங்க.”

சாமி தார்ப்பாயை விலக்கினார். பச்சை நிறம். ஒரு பக்கம் நசுங்கி, நெற்றியில் பெயின்ட் உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

இந்தத் தடவை மாரப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. பானெட்டைத் தொட்டார். டயர் நான்கையும் தடவினார். சாக்கை இழுத்துப்போட்டு அடியில் புகுந்தார். முன்னால் ஒரு தண்டு போகிறதா என்று கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். போனது.

சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. சின்ன லிவரைத் தள்ளினார். ஸ்டியரிங்கை ஒடித்தார். வட்டம் போட்டார்.

பாதி வட்டம்கூட ஆகவில்லை. வண்டி திமிறியது. டயர் சிமெண்ட்டில் தேய்ந்து கிரீச்சிட்டது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அடியில் யாரோ யாரையோ பிடித்து இழுக்கிற மாதிரி மடக் மடக்கென்று ஒரு குலுக்கல்.

மாரப்பன் பிரேக்கை மிதித்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“இது செத்துப்போற வண்டிங்க சாமி. எம்புள்ளைய இதுல எப்படீங்க ஏத்தறது?”

“இறங்குங்க,” என்றார் சாமி. “போய்ச் சேத்துக்கிட்ட நில்லுங்க.”

மாரப்பன் போய் நின்றார். சாமி வண்டியை வெள்ளை வண்டிக்குப் பக்கத்திலேயே சேற்றுக்குள் இறக்கினார். மிதித்தார்.

நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் சேற்றை அள்ளி வீசின. முன்சக்கரம் வீசியது மாரப்பன் வேட்டியில் விழுந்தது. பின்சக்கரம் வீசியது சட்டையில் விழுந்தது. அவர் நகரவில்லை. பச்சை வண்டி உறுமிக்கொண்டே இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறி நின்றது.

மாரப்பன் சேறு வழிய நின்றுகொண்டிருந்தார்.

“வளையறப்ப முன்சக்கரத்துக்கு நடை ஜாஸ்தி, பின்சக்கரத்துக்குக் கம்மி,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “ஒண்ணையொண்ணு கெட்டியாப் புடிச்சிருந்தா, காஞ்ச தரையில இழுபறி வரத்தான் செய்யும். அந்த வெள்ளையில யாரும் யாரையும் புடிக்கலை. அதான் அத்தனை நிம்மதி.”

சாமி இறங்கி வந்தார்.

“இதை எடுத்துக்கலாம், மாரப்பண்ணா.”

தனசேகர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அப்புறமென்ன, சாமியே சொல்லிட்டாங்க. உள்ள வாங்க, டீ சாப்பிட்டுப் பேசிக்கலாம்.”

மாரப்பன் அசையவில்லை.

“வேண்டாமுங்க,” என்றார்.

“என்ன வேண்டாம்? டீயா?”

“வண்டியை இப்ப வாங்கலைங்க. மொதல்ல மலையில ஏத்திப் பாக்கோணும். செம்மண் ஏத்தத்துல நடுவுல நிறுத்தி, மறுபடி எடுக்கோணும். எறக்கத்துல பிரேக்கு எப்படிப் புடிக்குதுன்னு பாக்கோணும். மழையிலயே பாக்கோணும்.”

தனசேகர் சாமியின் முகத்தைப் பார்த்தார், மாரப்பனின் முகத்தைப் பார்த்தார். “சாமி சொன்னதுக்கு மேலயுமா?”

“சாமி சொல்லட்டுமுங்க.” மாரப்பன் வேட்டியிலிருந்த சேற்றை வழித்து உதறினார். “இதுல படுத்துட்டு வரப்போறது எம்புள்ளை.”

மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது.

சாமி சாவியை மாரப்பன் கையில் வைத்தார். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். சீட்டின்மேல் காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தார். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

“மெதுவாப் போங்கப்பா,” என்றார்.