கோளாறு ஏதும் இல்லை

நாகர்கோவிலில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விலாசம் தெரிந்திருக்கும். ஒன்று, கார் வாங்கின ஷோரூம். இன்னொன்று, ஷோரூமுக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்த பிறகு போகிற இடம். வடசேரிக்குப் பின்னால் இருக்கிற குமாரதாஸின் பட்டறை.

குமாரதாஸுக்கு நாற்பத்து மூன்று வயது. கியர்பாக்ஸ் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எங்கள் பக்கத்தில் தொழில் சொல்லிக்கொடுப்பவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் தொழில் கற்க வந்த ரசலையனுக்கு ஐம்பத்தொன்று. ஷோரூமில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்து, ஆள் குறைக்கும்போது வெளியே வந்தவர். அத்தனை வருஷம் பார்த்தும் கியர்பாக்ஸ் மட்டும் பிடிபடவில்லை என்று இங்கே வந்து நின்றார். எட்டு வயது மூத்தவர், சின்னவரை ஆசானே என்பார். ஆசான் அவரை அண்ணே என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

ரசலையனுக்கு ஒரு கேள்வி வெகுநாளாக உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஆசானே, பிரேக்கைப் பாத்தா சரியாயிடுது. ஏசியைப் பாத்தா சரியாயிடுது. இந்த ஆட்டோமேட்டிக் கியர் கோளாறு மட்டும் போய்ப் போய்த் திரும்பி வருதே. அது ஏன்?"

ஆசான் கையைத் துணியில் துடைத்தார்.

"அடுத்து வர்ற வண்டியைப் பாப்போம். அப்புறம் சொல்றேன்."

அடுத்து வந்தது லலிதாபாய் டீச்சரின் கார். அவருடைய தம்பி ஜெயசிங் ஓட்டி வந்தார். டீச்சர் பின் ஸீட்டிலிருந்து கைத்தடியை முதலில் வெளியே ஊன்றி, அப்புறம் இறங்கினார். ஐம்பத்து நாலு வயது இருக்கும். இடது கால் சூம்பியிருந்தது.

ரசலையன் பழக்க தோஷத்தில் எழுந்தார்.

"ஆசானே, முதல்ல வாட்டர் வாஷ் போட்டுரட்டுமா?"

"வேண்டாம்."

"அப்போ ஸ்கேனரை மாட்டிப் பாத்துரட்டுமா?"

"அதுவும் வேண்டாம். நோட்டை எடுங்க. டீச்சர், என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

டீச்சர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"ஏழு தடவை சொல்லியாச்சு."

"எங்கிட்டச் சொல்லலியே."

ஜெயசிங் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னத்த சொல்றதுக்கு? எரர் ஒண்ணுமே காட்டலன்னு ஷோரூம்லயே சொல்லிட்டான். அக்காவுக்குத்தான் சமாதானம் ஆகல்ல. வித்துரலாம்னா கேக்க மாட்டேங்கா."

"நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க," என்றார் ஆசான்.

ஜெயசிங் போனார். ஆசான் ஒரு ஸ்டூலை டீச்சருக்குப் போட்டுவிட்டுத் தான் டயர் மேல் உட்கார்ந்தார்.

டீச்சர் சொல்லத் தொடங்கினார். ரெண்டு வயசில் இளம்பிள்ளை வாதம் வந்தது. ஐம்பது வருஷம் எங்கே போனாலும் யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும். கிளட்ச் இல்லாத கார், ஒரு கால் போதும் என்று கேள்விப்பட்டதும் லைசென்ஸ் எடுத்து வாங்கினார்.

"முதல் மாசம் ஒரு சனிக்கிழமை கன்னியாகுமரிக்குத் தனியாப் போனேன். கடலைப் பாத்துக்கிட்டு ஒரு சுண்டல் வாங்கித் தின்னேன். திரும்பி வந்துட்டேன். அவ்வளவுதான். யாரையும் கேக்கல்ல, யாருக்கும் காத்திருக்கல்ல."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"அப்புறம்?" என்றார் ஆசான்.

"நாலாவது மாசம் ஆரம்பிச்சுது, மூணு வருஷமாச்சு. ஸ்கூல் விட்டு வர்ற வழியில மாதா கோயில் ஏத்தம் இருக்குல்ல, அங்க. எங்க ஸ்கூல் மூணரைக்கு விடும், ஏத்தத்துக்கு வரும்போது நாலு மணி தாண்டி மத்த ஸ்கூலெல்லாம் விட்டிருக்கும். பஸ்ஸு, ஆட்டோ, சைக்கிளு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. ஊர்ந்து ஊர்ந்து ஏறணும். பாதி ஏத்தத்துல ஒரு இடி. அப்புறம் வண்டி கையை விட்டுரும். எவ்வளவு மிதிச்சாலும் இன்ஜின்தான் கத்தும். வண்டி பின்னால போகும்."

ரசலையன் எழுதிக்கொண்டே வந்தார். டீச்சர் அந்த நோட்டைப் பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு," என்றார்.

ரசலையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நன்றி டீச்சர்."

டீச்சர் இன்னொருதரம் அந்த எழுத்தைப் பார்த்தார். அப்புறம் தொடர்ந்தார்.

"போன ஜூன்ல பின்னால ஒரு சைக்கிள்ல இடிச்சுட்டேன். எங்க ஸ்கூல் பிள்ளைதான், ஏழாம் கிளாஸ். முட்டு உரஞ்சு ரத்தம். ரோட்டுல உக்காந்துக்கிட்டே 'பரவாயில்ல டீச்சர்'ன்னு சொல்லுது. அன்னையிலேருந்து நான் வண்டியைத் தொடல்ல."

"இப்ப என்ன செய்யணும் டீச்சர்?"

"இதுதான் கடைசி. சரியானா நானே ஓட்டி வீட்டுக்குப் போவேன். இல்லன்னா வித்துரலாம்னு தம்பிகிட்டச் சொல்லியிருக்கேன்."

ஆசான் எழுந்து, ரசலையனிடம் சாவியைக் கொடுத்தார்.

"அண்ணே, நாளைக்கு மூணரை மணிக்கு டீச்சர் ஸ்கூல் வாசல்லேருந்து எடுங்க. ஏத்தம் வழியா வாங்க. டீச்சரும் நானும் பின்னால இருக்கோம்."

"காலையில ரோடு காலியா இருக்குமே ஆசானே. டெஸ்ட் டிரைவுக்கு அதுதான் வசதி."

"யாருக்கு வசதி?"

ரசலையன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஸ்கூல் வாசலில் வண்டியை எடுத்தார்கள். பதினோரு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், நல்ல வெயில். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. 'நான் நெனச்சேன், ஒண்ணுமில்ல' என்று ரசலையன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஏத்தம் வந்தது. முன்னால் மினி பஸ், பின்னால் கல்லூரி பஸ், இடுக்கெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து பாதி தூரம் ஏறினார்கள்.

இடி விழுந்தது. யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. ரசலையன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் கத்தியது. வண்டி பின்னால் போனது.

பிரேக்கைத் தேடி மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தும்போது கல்லூரி பஸ்ஸின் மூக்கு கண்ணாடி நிறைய இருந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. பைக்கில் போன ஒருத்தன் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"வண்டி ஓட்டத் தெரியலன்னா பஸ்ல போவே!"

"கோளாறு வண்டியிலடே!" என்று ரசலையன் கத்தினார். அவன் போய்விட்டான். யார் கேட்கப் போகிறார்கள்! இருபத்திரண்டு வருஷ மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொடை வெடவெடவென்று ஆடியது.

பின்னாலிருந்து டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

"இப்படித்தான்."

எப்படியோ உருட்டி ஓரம் கட்டினார்கள். சைக்கிள் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இப்ப ஸ்கேனரை மாட்டுங்க அண்ணே," என்றார் ஆசான்.

மாட்டினார். எரர் எதுவும் இல்லை என்று காட்டியது. ரசலையன் அதை ஒரு தட்டுத் தட்டினார். மறுபடியும் அதையேதான் காட்டியது.

ஆசான் முன்னால் கையை நீட்டி, டாஷ்போர்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். டீச்சர் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஷோரூம் ஜாப் கார்டுகள், ஏழு இருந்தன.

"வண்டி கொஞ்சம் ஆறட்டும். அதுவரைக்கும் இதைப் படிங்க."

ரசலையன் படித்தார். 'கோளாறு ஏதும் இல்லை. ஓட்டும் முறை விளக்கப்பட்டது.' அடுத்ததிலும் அதேதான். மூன்றாவதைப் புரட்டும்போது கை நின்றுவிட்டது. அழகான, சாய்ந்த கையெழுத்து, கீழே அவருடைய ஒப்பம். ஏழில் ஐந்து அவருடையவை.

டீச்சரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஷோரூமில் கார்தான் உள்ளே வரும். கார்க்காரர்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். வந்த காரை முதலில் கழுவ அனுப்புவார்கள். கழுவின கார் வரிசையில் நிற்கும். மறுநாள் காலையில், காலி ரோட்டில், பச்சைத்தண்ணி மாதிரி குளிர்ந்து கிடக்கிற வண்டியை ரசலையன் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அப்புறம் எழுதுவார். ஒருநாளைக்குப் பத்து கார்டு. எழுதினது எதுவும் பொய் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றினதில்லை.

அவர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். உள்ளே எண்ணெயைத் திருப்பிவிடுகிற வால்வுக் கட்டையை ஆசான் துடைத்துக் காட்டினார். ஒரு துளையில் நகத்தால் தடவினால் மட்டுமே தெரிகிற தேய்மானம். வண்டி சூடாகி எண்ணெய் நீர்த்தால் அதன் வழியாகக் கசியும், கசிந்தால் பிடிமானம் போய்விடும். ஆறினால் எல்லாம் சரியாக இருக்கும்.

"இவ்வளவுதானா ஆசானே?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா மூணு வருஷம்?"

ஆசான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு நாளில் முடிந்தது. அதற்கப்புறம் பத்து நாள், தினமும் ஸ்கூல் வாசலிலிருந்து எடுத்து, நாலு மணிக்கு, ரசலையனே ஏத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். வெயிலில், நெரிசலில், பஸ்ஸுக்குப் பின்னால் ஏற்றினார். ஒருதரம்கூட இடிக்கவில்லை. பத்தாவது நாள் ஏத்தத்து உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, மாதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டீச்சர் வந்தார். ஜெயசிங்கைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தடியை ஊன்றித் தனியாக நடந்து வந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார்.

ரசலையன் சாவியை நீட்டவில்லை. தலையைக் குனிந்து நின்றார்.

"டீச்சர், அந்தக் கார்டு... அஞ்சு நான் எழுதினது."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"முதல் நாளே. நோட்டுல எழுதினீங்களே, அப்பவே. நான் அந்தக் கார்டையெல்லாம் எத்தனை ராத்திரி எடுத்து வச்சுப் படிச்சிருக்கேன்."

"அப்பவே என்னைய ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாமே டீச்சர். திட்டியிருக்கலாமே!"

"முதல் வருஷம் ஷோரூம்ல போய்ச் சண்டை போட்டேன். அப்புறம், இத்தனை பேர் படிச்சவங்க, மிஷின் வச்சுப் பாத்தவங்க சொல்றாங்க, எனக்கு இருக்கறதோ ஒரு கால், அதுவும் தப்பா மிதிக்குது போலன்னு..."

"தப்பு டீச்சர். உங்க கால்ல ஒரு தப்பும் இல்ல. வண்டிதான். சத்தியமா வண்டிதான்."

"சரி," என்றார் டீச்சர்.

சாவியை வாங்கி, முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். தடியைப் பக்கத்தில் சாய்த்தார், கண்ணாடியைச் சரி பண்ணினார், ஸ்டார்ட் பண்ணினார். கியரைப் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பூப்போல நகர்ந்தது.

பத்தடி போனதும் வண்டி நின்றது.

ஆசானும் ரசலையனும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். டீச்சர் பிரேக்கை மிதித்தபடி, வலது முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் அந்தக் கால் நடுங்கியது.

"பாத்தீங்களா, ஆடுது," என்றார்.

"அது வண்டி இல்ல டீச்சர்," என்றார் ரசலையன்.

"தெரியுது. என் கால்தான்."

கையை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மறுபடி ஒருமுறை முயற்சி பண்ணினார். வண்டி நாலடி நகர்ந்து நின்றது. அப்புறம் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"தம்பியை வரச் சொல்லுங்க."

ஜெயசிங் வந்தார். டீச்சர் முன்கதவு வழியாக இறங்கி, தடியை ஊன்றிச் சுற்றி வந்து, பின் ஸீட்டில் ஏறினார். ஆசானைப் பார்த்துக் கும்பிட்டார். ரசலையனையும் பார்த்துக் கும்பிட்டார். ஜெயசிங் வண்டியை எடுத்தார்.

"அட, சூப்பரா ஓடுதே!" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது.

கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். இடியில்லை, குலுங்கலில்லை.

"ஆசானே," என்றார் ரசலையன். "அதான் சரி பண்ணியாச்சே. பத்து நாள் ஓட்டிப் பாத்தாச்சே. வண்டியில ஒரு கோளாறும் இல்லியே."

ஆசான் அவர் தோளில் கை வைத்தார்.

"போய்ப் போய்த் திரும்பி வருதே, அது ஏன்னுதான் கேட்டீங்க. நடுவுல, கோளாறு இல்லன்னு கார்டு எழுதின நாளெல்லாம், அது எங்க போய் இருந்துச்சுன்னு கேக்கலியே அண்ணே."